கிறிஸ்தவ எழுத்தாளர்களே, கடைசிப் பத்தியில அவசரப்படாதீங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னைக்கு எழுதுறவங்களோட மட்டும் பேசப்போறேன். சாட்சி எழுதுறவங்க, சிறுகதை எழுதுறவங்க, டைரியில எழுதி யாருக்கும் காட்டாம வச்சிருக்கறவங்களும்தான்.

அம்மா தவறி மூணு மாசத்துல நான் ஒரு கட்டுரை எழுதுனேன். ஆஸ்பத்திரியில கழிச்ச ராத்திரிகள், அம்மா தண்ணி கேட்டது, எனக்கு ஜெபமே வராமப் போனது, எல்லாத்தையும் உள்ளபடி எழுதுனேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் பயம் வந்துடுச்சு. 'ஆனாலும் தேவ சமாதானம் என் உள்ளத்தை நிரப்பிற்று'ன்னு ஒரு வரி போட்டு முடிச்சேன். அப்போ எனக்குள்ள அந்தச் சமாதானம் இல்ல. துக்கத்துல இருந்த ஒரு அக்கா அதப் படிச்சுட்டு, "உனக்குக் கிடைச்சது எனக்கு ஏன்மா கிடைக்கல?"ன்னு கேட்டாங்க. என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

அதுக்கப்புறம்தான் 88-ஆம் சங்கீதத்தை நிதானமா வாசிச்சேன். எஸ்ராகியனாகிய ஏமானோட சங்கீதம், 18 வசனம். மத்த புலம்பல் சங்கீதங்கள்ல பெரும்பாலும் எங்கயாவது ஒரு இடத்துல துதி திரும்பி வந்துடும். இதுல வரல. சிநேகிதனும் தோழனும் தூரமாப் போயிட்டாங்கன்னு சொல்லி அங்கேயே நின்னுடுது. ஆனா ஆரம்பத்தைப் பாருங்க, 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே'ன்னு கூப்பிட்டுத்தான் அழறார். அந்தக் கூப்பிடுதல்லயே அவரோட விசுவாசம் இருக்கு. வேதத்துல இதுக்கு இடம் இருக்குன்னா நம்ம நோட்டுலயும் இருக்கு.

அப்புறம் மொழி. சபைத் தமிழ் நமக்கு ரொம்பப் பழகிடுச்சு. 'உடைக்கப்பட்டேன்', 'பாரத்தோடு ஜெபித்தேன்', 'தேவன் என்னைத் தொட்டார்'. ஜெபக்கூட்டத்துல சொன்னா எல்லாருக்கும் புரியும். தாள்ல அது கண்ணுக்கு எதையும் காட்டாது. உடைக்கப்பட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சு? எங்க உட்கார்ந்திருந்தீங்க? கை என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு? அத எழுதுங்க.

இதுக்கு எனக்கு ஆசான் நாத்தான் தீர்க்கதரிசி. 2 சாமுவேல் 12. இன்னொருத்தன் மனைவியை எடுத்துக்கிட்ட தாவீது ராஜாகிட்ட போய் ஒரு ஏழையோட ஆட்டுக்குட்டியைப் பத்திச் சொல்றார். அது அவன் வாயின் அப்பத்தைத் தின்னுச்சு, அவன் பாத்திரத்துல குடிச்சுச்சு, அவன் மடியில படுத்துச்சு, மகளைப்போல இருந்துச்சு. அப்பம், பாத்திரம், மடி. இவ்வளவுதான் விவரம். ஆனா அந்தக் குட்டியை ஐசுவரியவான் பிடிச்சுக்கிட்டுப் போய் சமைச்சான்னு கேட்டதும் தாவீதுக்குக் கோபம் மூண்டுடுது. அதுக்குப் பிறகுதான் 'நீயே அந்த மனுஷன்'. அந்த வார்த்தையை முதல்லயே சொல்லியிருந்தா ராஜாவோட மனசு திறந்திருக்குமா? நம்மள்ல நிறையப் பேர் அங்கதான் ஆரம்பிக்கறோம்.

அனுப்புனது திரும்பி வந்துடுச்சுன்னு சோர்ந்திருக்கறவங்க எரேமியா 36 வாசிங்க. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாருக்குங்கற அவரோட எழுத்தர் கைப்பட எழுதுன சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால அறுத்து அறுத்து நெருப்புல போட்டான். எரேமியா இன்னொரு சுருள் எடுத்துக் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல பாருக்கு மறுபடி எழுதுனார். இரண்டாவது சுருள்ல முதல்ல இருந்ததை விட வார்த்தைகள் அதிகம்.

நானும் அம்மா கட்டுரையை மறுபடி எடுத்து வச்சிருக்கேன். இந்த வீடியோவை நிறுத்துனதும் அந்தக் கடைசி வரியை அடிச்சுட்டு, அம்மா தண்ணி கேட்ட இடத்துலயே முடிக்கப்போறேன். எழுதினதும் முதல்ல அந்த அக்காவுக்குத்தான் அனுப்பணும்.