பேட் ரிலிஜனோட அடுத்த ஆல்பம்: ரசிகர்கள் எதுக்குக் காத்திருக்காங்க?

[திரையில்: மேடையில் ஐந்து பேர் வாசிக்கிறார்கள். சத்தம் இல்லை. பின்னால் திரைச்சீலையில் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் போட்ட சிலுவைச் சின்னம்.]

பங்க் ராக் கேக்கிறவங்ககிட்ட, உங்க பேண்டோட அடுத்த ஆல்பம் எப்படி இருக்கணும்னு கேட்டுப் பாருங்க. "பழைய மாதிரி இருந்தா போதும்"னு பாதிப் பேர் சொல்லுவாங்க. "பழைய மாதிரியே இருக்கும்னா பழசையே கேட்டுக்கிறேனே"ன்னு மீதிப் பேர் சொல்லுவாங்க. இந்தச் சண்டை எல்லா பேண்டுக்கும் உண்டு. ஆனா அமெரிக்க பங்க் பேண்டான பேட் ரிலிஜனோட ரசிகர்கள்கிட்ட இதுக்கு ஒரு தனி வரலாறே இருக்கு. ஒரு தடவை இந்த பேண்ட் ரசிகர்கள் எதிர்பார்த்ததுக்கு நேர் எதிரா ஒரு ஆல்பம் போட்டு, அதோட கிட்டத்தட்டக் காணாமலே போச்சு.

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம். கடைசியா வந்த ஸ்டுடியோ ஆல்பம் 'ஏஜ் ஆஃப் அன்ரீசன்'. 2019 மே 3 அன்னைக்கு வந்துச்சு. 14 பாட்டு, மொத்தம் 33 நிமிஷம். கிறிஸ்மஸ் பாட்டுத் தொகுப்பைக் கணக்குல சேர்க்கலைன்னா அது அவங்களோட 17-ஆவது ஆல்பம். 2025-ல பேண்டுக்கு 45 வயசு ஆச்சு, அப்பவும் 18-ஆவது வரல. இவங்க சரித்திரத்துலயே இவ்வளவு பெரிய இடைவெளி இதுக்கு முன்னாடி விழுந்ததே இல்ல.

[திரையில்: லாஸ் ஏஞ்சலஸ் வரைபடம். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு மட்டும் பெரிதாகிறது.]

1980. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்கிற சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குல, ஸ்கூல் படிக்கிற பசங்க சேர்ந்து ஆரம்பிச்ச பேண்ட் இது. பாடகர் கிரெக் கிராஃபினுக்கு அப்ப 15 வயசு. கிட்டார் பிரெட் குரேவிட்ஸ், பேஸ் ஜே பென்ட்லி, டிரம்ஸ் ஜே ஜிஸ்க்ரவுட். இந்தப் பசங்களோட பாட்டை வெளியிட யாரும் வரிசையில நிக்கல. அதனால குரேவிட்ஸே எபிடாஃப்னு ஒரு லேபிள், அதாவது ரெக்கார்டு வெளியிடுற கம்பெனி, தொடங்கிட்டாரு. இந்தப் பேரை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேலை இருக்கு.

1982-ல முதல் ஆல்பம் வந்துச்சு. முரட்டுத்தனமான, வேகமான பங்க். ஊர்ல பேர் கிடைச்சுது. அடுத்த வருஷம் ரெண்டாவது ஆல்பம், 'இன்டு தி அன்நோன்'.

அதைப் போட்டுக் கேட்ட பங்க் ரசிகர்கள், உள்ள வேற யாரோட ரெக்கார்டோ தப்பா வந்துடுச்சுன்னு நெனச்சிருப்பாங்க. மெதுவான பாட்டுங்க. எங்க பார்த்தாலும் கீபோர்டு. ஏழு நிமிஷம் ஓடுற பாட்டு ஒண்ணு. எழுபதுகள்ல வந்த, நீளமா சிக்கலா போற புரோக்ரெசிவ் ராக் சாயல் அப்படியே இருந்துச்சு. பங்க் எதை வெறுத்துக் கிளம்புச்சோ அதே சாயல்! பேஸ் வாசிச்ச பென்ட்லி இந்தப் போக்கு பிடிக்காம பேண்டை விட்டே போயிட்டாரு. 10,000 பிரதி அடிச்சாங்க, பெரும்பாலானது கடைகள்ல இருந்து திரும்பி வந்துடுச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துல பேண்ட் சிதறிப் போச்சு. நடுவுல, 1985-ல, ஒரு சின்ன ரெக்கார்டு வந்துச்சு. அதோட பேரு 'பேக் டு தி நோன்'. மன்னிப்புக் கடிதத்துக்கு இதைவிட நேரடியா தலைப்பு வைக்க முடியாது.

அந்தத் தோத்துப்போன ஆல்பம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்லைன்னு நான் சொன்னா பழைய ரசிகர்கள் அடிக்க வருவாங்க. சொல்லிட்டு நகர்ந்துடுறேன்.

[திரையில்: 'சஃபர்' ஆல்பத்தின் அட்டை. கீழே "1988".]

இப்ப 'சஃபர்'. "பழைய மாதிரி"ன்னு ரசிகர்கள் சொல்றப்ப அவங்க மனசுல இருக்கிற பழசு இதுதான். 15 பாட்டு, 26 நிமிஷம். சராசரியா ஒரு பாட்டுக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்ல. நடுவுல விலகியிருந்த குரேவிட்ஸ் பேண்டுக்குத் திரும்பி வந்த பிறகு, ஹாலிவுட்ல அவரோட சொந்த ஸ்டுடியோ வெஸ்ட்பீச்ல பதிவு பண்ணது.

இதுல என்ன புதுசுன்னா, வேகம் பழைய ஹார்ட்கோர் (முரட்டு, அதிவேக பங்க்) வேகம்தான், ஆனா மேல மெட்டு ஓடுது. கிராஃபின் சின்ன வயசுல விஸ்கான்சின்ல பள்ளிக்கூட சேர்ந்திசைக் குழுவில பாடினவரு. அவர் கத்தல, பாடுறாரு. பின்னாடி மத்தவங்க மூணு சுருதியில "ஆ..."ன்னு இழுப்பாங்க. இதுக்கு பேண்டே வெச்ச பேரு 'ஊஸின் ஆஸ்'. ரசிகர்களும் அப்படியேதான் சொல்லுவாங்க. தொண்ணூறுகள்ல தெற்கு கலிஃபோர்னியாவுல இருந்து வந்த மெலோடிக் பங்க் அலை முழுசும் இந்த 26 நிமிஷத்துக்குக் கடன்பட்டிருக்கு. நோஎஃப்எக்ஸ், பென்னிவைஸ்ங்கிற பேண்டுங்க ரெண்டும் இதே தெருவுல நடந்து வந்தவங்கதான்.

'சஃபர்', 1989-ல 'நோ கண்ட்ரோல்', 1990-ல 'அகெய்ன்ஸ்ட் தி கிரெய்ன்'. மூணே வருஷம், மூணு ஆல்பம், 47 பாட்டு. எப்படி முடிஞ்சுது? பழைய ஆல்பம் அட்டையில பாட்டு எழுதினவங்க பேரைப் பாருங்க. சில பாட்டுக்கு கிராஃபின், சில பாட்டுக்கு குரேவிட்ஸ். எழுதுறவங்க ரெண்டு பேரு, ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்கப் பார்க்கிறாங்க. கிராஃபின் படிப்பாளி. பின்னாடி 2003-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டமே வாங்கினாரு, பரிணாம உயிரியலாளர்கள் மதத்தைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி. அவர் பாட்டுல பாடப்புத்தக வாடை கொஞ்சம் அடிக்கும். குரேவிட்ஸ் பாட்டு நேரா மனசுல போய் ஒட்டும், கேட்ட மறுநாளும் வாய் முணுமுணுக்கும். ஒரு பாட்டைக் கேட்டுட்டு, எழுதினது யார்னு அட்டையைப் பார்க்காம கண்டுபிடிக்கிறது ரசிகர்களோட பழைய விளையாட்டு.

[திரையில்: ஆண்டுகள் வரிசையாகத் தோன்றுகின்றன: 1994, 1996, 1998, 2000.]

இந்த நாலு வருஷத்தையும் பாருங்க. பேண்ட் அட்லான்டிக்ங்கிற பெரிய லேபிள்ல இருந்த காலம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஆல்பம், கடிகாரம் மாதிரி. ஆனா 1994-லயே குரேவிட்ஸ் பேண்டை விட்டு விலகிட்டாரு. காரணத்துல ஒண்ணு எபிடாஃப். அதே வருஷம் எபிடாஃப் வெளியிட்ட ஆஃப்ஸ்பிரிங் பேண்டோட 'ஸ்மாஷ்' ஆல்பம் உலகம் பூரா 1 கோடிக்கு மேல வித்துச்சு. சுயாதீன லேபிள்ல யாரும் பார்க்காத விற்பனை. அந்த லேபிளை நடத்துற ஆளு, தன்னோட சொந்த பேண்ட் இன்னொரு கம்பெனியில இருக்கிறதைப் பார்த்துக்கிட்டு டூர் போயிட்டு இருக்க முடியுமா?

அவர் இடத்துக்கு மைனர் த்ரெட் பேண்டுல இருந்த பிரையன் பேக்கர் வந்தாரு. அருமையான கிட்டாரிஸ்ட், இன்னைக்கும் இருக்காரு. ஆனா பாட்டு எழுதுற பாரம் பெரும்பாலும் கிராஃபின் ஒருத்தர் தலையில. 1996-ல வந்த 'தி கிரே ரேஸ்' நல்லாவே இருக்கும், ஜெர்மனி பக்கம் நல்லா ஓடவும் செஞ்சுது. அடுத்த ரெண்டையும் ரசிகர்கள் விருப்பப் பட்டியல்ல மேல பார்க்கிறது கஷ்டம். கெடு வெச்சா ஆல்பம் வந்துடும், எதிர்ல போட்டிக்கு ஆள் இல்லாதப்ப அது எப்படி வரும்ங்கிறதுக்கு இந்தக் காலம் உதாரணம்.

2001-ல குரேவிட்ஸ் திரும்புறாரு. பேண்டும் எபிடாஃபுக்குத் திரும்புது. 2002 ஜனவரியில 'தி ப்ராசஸ் ஆஃப் பிலீஃப்'. 14 பாட்டு, 37 நிமிஷம், மூச்சு விட இடமில்லாத ஆரம்பம். இருபது வயசுப் பேண்ட் மறுபடி இளமையான மாதிரி இருந்துச்சு.

கவனிச்சீங்களா? 'சஃபர்' வந்தது குரேவிட்ஸ் முதல் தடவை திரும்பினப்ப. 'ப்ராசஸ் ஆஃப் பிலீஃப்' வந்தது ரெண்டாவது தடவை திரும்பினப்ப. அதனால என் கட்சி இதுதான்: ரசிகர்கள் "பழைய மாதிரி"ன்னு கேக்கிறப்ப 1988-ஓட சத்தத்தைக் கேக்கல, அந்த ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெக்கச் சொல்றாங்க.

[திரையில்: அமெரிக்க வரைபடம். மேற்குக் கரையில் ஒரு புள்ளி, நியூயார்க் மாநிலத்தில் ஒரு புள்ளி, நடுவே கோடு.]

பிரச்சினையும் அங்கதான். குரேவிட்ஸ் லாஸ் ஏஞ்சலஸ்ல லேபிள் நடத்துறாரு. ரெக்கார்டிங்ல இருப்பாரு, ஆனா டூருக்குப் பெரும்பாலும் வரமாட்டாரு. கிராஃபின் வீடு நியூயார்க் மாநிலத்தோட உள்பகுதியில. நடுவுல 3,500 கிலோமீட்டருக்கு மேல. எபிடாஃபுக்கு வந்த பிறகு ஆல்பம் வந்த வருஷங்களைப் பாருங்க: 2002, 2004, 2007, 2010, 2013, 2019. ரெண்டு வருஷம், மூணு, மூணு, மூணு, அப்புறம் ஆறு. லேபிள் முதலாளியே பேண்ட்ல இருக்கிறப்ப "எங்கே ஆல்பம்?"னு கதவைத் தட்ட யாரும் இல்ல.

பணமும் ஒரு காரணம். ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 30 விநாடி ஓடினா ஒரு தடவை கேட்டதாக் கணக்கு. ஒண்ணரை நிமிஷப் பாட்டுக்கும் ஏழு நிமிஷப் பாட்டுக்கும் ஒரே கணக்குதான், அந்த வகையில பங்க் பேண்டுக்கு நஷ்டமில்ல. ஆனா வர்றது சில்லறை. இந்த மாதிரி பேண்டுங்க வாழ்றது டூர்லயும் டீ-ஷர்ட்லயும்தான். 17 ஆல்பம் கையில இருக்கிற பேண்ட் புதுசா ஒண்ணும் எழுதாமலே பத்து வருஷம் மேடை ஏறலாம். கூட்டமும் பழைய பாட்டுக்குத்தான் குதிக்கும். புதுப்பாட்டு வாசிக்கிறப்பதான் பாதிப் பேர் தண்ணி வாங்கப் போவாங்க, அது வேற விஷயம்.

கொரோனா சமயத்துல டூர் நின்னு போச்சு. 40-ஆவது ஆண்டுக்கு வெஸ்ட் ஹாலிவுட் ராக்ஸி அரங்கத்துல ஆளில்லாம வாசிச்சு, பத்து பத்து வருஷமாப் பிரிச்சு இணையத்துல காட்டினாங்க. நடுநடுவுல தனிப்பாட்டுகளும் வந்துச்சு. அதுல 'ஏஜ் ஆஃப் அன்ரீசன்' பதிவுல மிஞ்சினதும் உண்டு. ஒவ்வொண்ணு வர்றப்பவும் "இதோ ஆல்பம் வருது"ன்னு ரசிகர்கள் கெளம்புவாங்க. மிஞ்சின பாட்டு வெளிய வந்தா, அலமாரியைக் காலி பண்றாங்கன்னுதான் நான் எடுத்துக்குவேன்.

[திரையில்: வெறும் கருப்பு அட்டை. அதன் மேல் "18?"]

சரி, வந்தா எப்படி வரணும்?

நீளம் பத்தி பெரிய சண்டை இல்ல. அரை மணி நேரத்தை ஒட்டி முடிக்கணும்னு கிட்டத்தட்ட எல்லாருமே சொல்லுவாங்க. முடியாத காரியமும் இல்ல. 2013-ல 'ட்ரூ நார்த்'ல, ஐம்பதை நெருங்கின வயசுல, 16 பாட்டை 35 நிமிஷத்துல அடக்கினாங்க. டிரம்ஸ்ல 2015-ல இருந்து ஜேமி மில்லர் இருக்காரு, அவரோட வாசிப்பு இருக்கிறது ஒரே ஒரு முழு ஆல்பத்துலதான். வேகத்துக்குப் பஞ்சமில்ல. கிராஃபினுக்கு 60 தாண்டியாச்சு. ஆனா கத்தாம பாடினவங்க குரல் சீக்கிரம் கெடாது. பள்ளிக்கூட சேர்ந்திசை இப்ப வட்டி கட்டுது.

சண்டை வரிகளைப் பத்தித்தான். 'ஏஜ் ஆஃப் அன்ரீசன்' டிரம்ப்போட முதல் ஆட்சிக்காலத்துல வந்த ஆல்பம், அந்தக் கோபம் அதுல அப்பட்டமாத் தெரியும். சிலருக்கு அது பிடிச்சுது. எனக்குக் கொஞ்சம் செய்தித்தாள் படிக்கிற மாதிரி இருந்துச்சு. அரசியல் வேண்டாம்னு நான் சொல்ல வரல, இந்த பேண்ட்ல இருந்து அரசியலை எடுத்துட்டா வெறும் "ஆ..." மட்டும்தான் மிஞ்சும். 1993-ல வந்த 'அமெரிக்கன் ஜீசஸ்' பாட்டும் வளைகுடாப் போர் காலத்துப் பேச்சுல இருந்து பிறந்ததுதான். கடவுள் அமெரிக்கா பக்கம்தான் நிக்கிறார்ங்கிற நினைப்பைப் போட்டு வறுத்தெடுக்கும். அந்தப் போரோட தேதி மறந்துபோனவங்களும் இன்னைக்கு அந்தப் பாட்டுக்குத் தொண்டை கிழியப் பாடுறாங்க. ஏன்னா அது ஒரு அதிபரைத் திட்டல, ஒரு நாட்டோட தன்னம்பிக்கையைப் பார்த்துச் சிரிச்சுது. அடுத்த ஆல்பத்துல அந்தச் சிரிப்பு வேணும்.

இன்னொண்ணு, இதுக்கு ஆதரவு கம்மிதான்: ஒரே ஒரு விசித்திரமான பாட்டு வேணும். கீபோர்டு இருந்தாலும் பரவாயில்ல. 1983-ல சூடு பட்டதுக்கு அப்புறம் இந்த பேண்ட் வரப்பை விட்டு ரொம்ப தூரம் போனதே இல்ல. அறுபது வயசுல, சொந்த லேபிள்ல, திருப்பி அனுப்பக் கடைக்காரனும் இல்லாத காலத்துல, இன்னும் எதுக்கு பயம்?

ஆல்பம் அறிவிப்பு வந்தா நான் முதல்ல தேடப்போறது பாட்டு எழுதினவங்க பேரை. ரெண்டு பேரும் பாதிக்குப் பாதி எழுதியிருந்தா கேக்காமலே வாங்கிடுவேன்.

[திரையில்: மூன்று ஆல்பம் அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில்.]

இந்த பேண்டை இதுவரைக்கும் கேட்டதே இல்லைன்னா 'சஃபர்', 'தி ப்ராசஸ் ஆஃப் பிலீஃப்', 'ட்ரூ நார்த்', இந்த வரிசையில கேளுங்க. மூணும் சேர்ந்து 100 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். கேக்கிறப்ப எழுதினவங்க பேரை மட்டும் பார்க்காதீங்க, நீங்களே கண்டுபிடிங்க.