எந்த இடத்துக்கு எத்தனை மார்க்?

நேயர்களுக்கு வணக்கம். நான் வேலூரில் கணக்கு வாத்தியார். 22 வருடமாகப் பகலில் கணக்கு, சாயங்காலத்தில் கோட்டை மைதானத்தில் பிள்ளைகளோடு கால்பந்து. இந்த இரண்டும் ஒன்றாக வந்து நிற்கிற ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் செல்போனிலோ டிவியிலோ கால்பந்து ஆடுகிற பிள்ளை இருந்தால் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும். "அவன் 91 டா", "இவன் வெறும் 78." ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த எண்ணுக்கு ரேட்டிங் என்று பெயர். 1993-ல் ஃபிஃபா என்ற பெயரில் தொடங்கி, 2023 முதல் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் வருகிற விளையாட்டில், ஆயிரக்கணக்கான நிஜ ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு ரேட்டிங் உண்டு. ஃபிஃபா 22-ல் நம் இந்தியன் சூப்பர் லீகும் சேர்ந்தது. சென்னையின் எஃப்சி ஆட்டக்காரர்களுக்கும் எண் கிடைத்தது.

இந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள்? காகிதம், பேனா எதுவும் வேண்டாம். கேட்டாலே புரியும்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் முப்பதுக்கு மேற்பட்ட திறன்களுக்குத் தனித்தனியாக மார்க் உண்டு. ஓட ஆரம்பிக்கும்போது எடுக்கும் வேகம் ஒன்று, முழு ஓட்டத்தின் வேகம் இன்னொன்று. குட்டை பாஸ், நெட்டை பாஸ், தலையால் முட்டுவது, பந்தைப் பறிப்பது, உடல் பலம் என்று நீளும் பட்டியல். இவற்றைச் சுருக்கி, திரையில் வரும் ஆட்டக்காரரின் அட்டையில் ஆறு எண்ணாகக் காட்டுவார்கள்: வேகம், ஷூட்டிங், பாஸ், பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு போகிற டிரிப்ளிங், தடுப்பு, உடல் பலம். அந்த ஆறுக்கு மேலே பெரிதாக ஒரு எண் இருக்கும். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வது அந்தப் பெரிய எண்ணுக்காக.

ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் பெரிய எண் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. விர்ஜில் வான் டைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலில் ஆடும் டச்சுக்காரர், நம் மைதானத்து பாஷையில் ஸ்டாப்பர், அதாவது பின்னால் நின்று எதிரணியைக் கோல் பக்கம் விடாமல் தடுக்கிறவர். ஃபிஃபா 20-ல் அவருடைய ஆறு எண்கள் 77, 60, 70, 71, 90, 86. கூட்டினால் 454. ஆறால் வகுத்தால் 76-க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அவருக்குக் கொடுத்த ரேட்டிங் 90! உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். மீதி 14 மார்க் எங்கிருந்து வந்தது?

பதில் நம் ஊர் வீடுகளிலேயே இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு வீட்டில் என்ன செய்கிறோம்? கட்-ஆஃப் போடுகிறோம். என்ஜினியரிங் என்றால் கணக்கு மார்க் முழுசாக, பிசிக்ஸ் பாதி, கெமிஸ்ட்ரி பாதி, மொத்தம் 200. நீட் வருவதற்கு முன்னால் மருத்துவத்துக்கு உயிரியல் முழுசாக, மற்ற இரண்டும் பாதிப்பாதி. ஒரு பெண் கணக்கில் 70, பிசிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் 90, உயிரியலில் 98 எடுத்திருக்கிறாள் என்று வையுங்கள். என்ஜினியரிங் கட்-ஆஃப் 160. மருத்துவக் கட்-ஆஃப் 188. அதே பெண், அதே மார்க் ஷீட். போகிற இடம் மாறியது, எண்ணும் மாறியது.

கால்பந்து ரேட்டிங்கும் ஒரு கட்-ஆஃப்தான். பள்ளிப் பாடத்தில் இதை நிறையிட்ட சராசரி என்போம். ஆடுகிற இடத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு திறனுக்கும் ஒரு எடை. பல வருடப் பதிப்புகளின் எண்களை வைத்து ரசிகர்களே இந்த எடைகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஒருங்கமை சமன்பாடு படிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதன் அடிப்படை புரியும். ஸ்டாப்பருக்கு நின்றபடி பந்தைப் பறிப்பதற்கு நூற்றுக்கு 17 பங்கு, ஆளைக் காவல் காப்பதற்கு 14, பாஸை இடையில் புகுந்து மறிப்பதற்கு 13. கோல் அடிக்கிற திறனுக்கு அங்கே இடமே இல்லை. பார்வர்டுக்கோ அதே கோல் அடிக்கிற திறனுக்கு 18 பங்கு. வான் டைக்கின் ஷூட்டிங் 60 என்பது அட்டையில் கண்ணை உறுத்துகிறதே தவிர, அவருடைய 90-ஐத் தொடவே இல்லை.

இதற்கு நேர்மாறாக ஒருவர், இங்கிலாந்தின் கீழ்மட்ட லீகுகளில் ஆடிய அடேபாயோ அகின்ஃபென்வா. விளையாட்டிலேயே மிகப் பெரிய பலசாலி என்று பல பதிப்புகளில் அவருக்கு உடல் பலம் 97, 98. ஆனால் ரேட்டிங் அறுபதுகளில்தான் நின்றது. பார்வர்டுக்கான கணக்கில் பலத்தின் பங்கு அவ்வளவு சின்னது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் 31 வருடம் தோல் தரம் பிரித்தவர். ஜன்னல் ஓரமாக மேஜை போட்டிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில்தான் அந்த வேலை. ஒவ்வொரு தோலாக விரித்து, முடி இருந்த பக்கத்தை உள்ளங்கையால் தடவுவார். உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்திவெட்டு எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். பள்ளி லீவில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எத்தனாவது கிரேடுப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் திருப்பிக் கேட்பார்: "எதுக்குன்னு சொல்லுடா, அப்புறம் கிரேடு சொல்றேன்." ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டாம் என்று தள்ளிய தோல், உள்லைனிங்குக்கு நல்ல தோலாக அடுத்த அடுக்கில் போய் உட்காரும். தோல் மாறவில்லை. கேட்ட வேலை மாறியது. பின்னாளில் நான் நிறையிட்ட சராசரி நடத்தும்போதெல்லாம் அந்த மேஜைதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, மைதானத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சாயங்கால கோஷ்டியில் 18 பையன்கள். ஒருநாள் அவர்களே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, 18 பேருக்கும் ரேட்டிங் போட்டார்கள். வேகம், அடி, பாஸ், டிரிப்ளிங், பறிப்பது, பலம் என்று ஆறு கட்டம். கூட்டி, ஆறால் வகுத்தாயிற்று. கடைசி இடம் எங்கள் ஸ்டாப்பருக்கு. சத்துவாச்சாரியிலிருந்து சைக்கிளில் வருகிற பையன், அதிகம் பேசமாட்டான். 50, 45, 60, 40, 82, 71. கூட்டினால் 348. ரேட்டிங் 58. முதல் இடம் பிடித்தவன் ஒரு பார்வர்டு, 77.

அன்றைக்கு அவன் ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கே போனேன். அவனுடைய அம்மா, "காய்ச்சல் ஒண்ணும் இல்ல சார், சும்மா படுத்துங்கீறான்" என்றார். வெளியே வந்தவன் தலை நிமிராமல் கேட்டான்: "சார், நான் இன்னா சார் அவ்ளோ மோசமாவா ஆடறேன்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. 22 வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன். ஒரு எண் ஒரு பிள்ளையைப் படுக்கப் போட்டுவிடும் என்பதை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன்.

மறுநாள் எல்லோரையும் கோட்டை அகழிப் பக்கம் மரத்தடியில் உட்கார வைத்தேன். நோட்டை நடுவில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இவன் வராத மூணு நாளும் நமக்குள்ள ரெண்டு டீமா ஆடினீங்களே, எத்தனை கோல் விழுந்துச்சு?" எண்ணிப் பார்த்தார்கள். வழக்கமாக விழுவதைப்போல இரண்டு மடங்கு. "ஏன்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த 77 வாங்கிய பார்வர்டுதான் வாய் திறந்தான். "சார், பந்து எங்க வரப்போவுதோ அங்க இவன் முன்னாடியே போய் நின்னுக்குறான் சார். நான் ஓடிப் போறதுக்குள்ள அங்க இருக்கான்."

அப்படியானால் அந்தத் திறன் நோட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை! ஆறு கட்டம் போட்டார்கள், ஏழாவது கட்டத்தை யோசிக்கவே இல்லை. கட்டமே இல்லாத திறனுக்கு மார்க் எப்படி விழும்? கட்-ஆஃபுக்கு எடை போடுவது இரண்டாவது வேலை. எதற்கெல்லாம் கட்டம் போடுகிறோம் என்பது முதல் வேலை. நிஜ விளையாட்டைச் செய்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். பாஸை மறிப்பது, தடுப்பில் சரியான இடத்தில் நிற்பது, சட்டென்று சுதாரிப்பது எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனி எண் உண்டு.

அன்றைக்கே ஏழாவது கட்டம் போட்டோம். பையன்களே "கணிப்பு" என்று பெயர் வைத்தார்கள். யார் போட்டது என்று தெரியாதபடி ஆளுக்கொரு சீட்டில் எழுதிச் சராசரி எடுத்தோம். அவனுக்குக் கணிப்பில் 85. ஸ்டாப்பருக்கான எடையாகப் பறிப்பதற்கு 40 பங்கு, கணிப்புக்கு 30, பலத்துக்கு 20, பாஸுக்கு 10 என்று வாதாடி முடிவு செய்தார்கள். கணக்கைப் போட்டால் 78.5. முழு எண்ணாக 79. அன்று இருட்டுகிறவரை விளக்குக் கம்பத்தின் கீழே உட்கார்ந்து மற்ற 17 பேருக்கும் எடை போட்டார்கள். என் வகுப்பில் அவ்வளவு ஆர்வத்தோடு சராசரி போட்டதை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பெரிய கேள்வி பாக்கி இருக்கிறது. அடியில் இருக்கிற அந்த முப்பது எண்களை யார் போடுகிறார்கள்? கம்ப்யூட்டர் என்று நினைத்தால் தவறு. முதலில் போடுவது மனிதக் கண். ஃபிஃபா விளையாட்டுக்கு இந்த வேலையை ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து ஒரு குழு நடத்தியது. 2016 வாக்கில் சுமார் 9,000 பேர், மைதானத்துக்குப் போய் ஆட்டம் பார்க்கிற ரசிகர்கள், பயிற்சியாளர்கள், கிளப்புகளுக்காகத் திறமைசாலிகளைத் தேடுகிற ஸ்கவுட்டுகள், தங்கள் கிளப் ஆட்டக்காரர்களைப் பற்றிக் கருத்து அனுப்பினார்கள். ஆசிரியர் குழு அதைச் சீர் செய்யும். ஏன் சீர் செய்ய வேண்டும்? சின்ன லீகில் 30 கோல் அடித்தவனும் பெரிய லீகில் 30 கோல் அடித்தவனும் ஒன்றில்லை. நம் ஊர் டோர்னமென்ட்டில் அடித்த கோலையும் மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராபியில் அடித்த கோலையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? வெறும் புள்ளிவிவரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆட்டம் பார்த்தவருக்குத் தெரியும்.

கண்ணை நம்புகிற இடத்தில் ஏமாற்றும் நடக்கலாம். சாம்பியன்ஷிப் மேனேஜர் என்று இன்னொரு விளையாட்டு. அதன் 2001-02 பதிப்பில் போர்ச்சுகலின் ஒரு சின்ன கிளப்பில் டோ மதேரா என்று ஒரு பார்வர்டு. எண்கள் எல்லாம் உச்சத்தில். உலகம் முழுக்க அவனை வாங்கிக் கோப்பை ஜெயித்தார்கள். பார்த்தால் நிஜத்தில் அப்படி ஒரு பார்வர்டே கிடையாது! அந்தக் கிளப்பின் விவரங்களை அனுப்பியவரே சேர்த்துவிட்டிருக்கிறார். பிறகு திருத்தம் வெளியிட்டு நீக்கினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கோல்கீப்பர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குத் தனிக் கணக்கு. பாய்வது, பிடிப்பது, நிற்கும் இடம், அனிச்சைச் செயல் நான்குக்கும் தலா 21 பங்கு, சுதாரிப்புக்கு 11, உதைப்பதற்கு 5. ஓட்டத்தின் வேகத்துக்கு ஒன்றும் இல்லை. ஆகவே கோல்கீப்பர் பிள்ளையிடம் ஓட்டப் பந்தய மார்க்கைக் காட்டி யாரும் குறை சொல்லாதீர்கள்.

எங்கள் ஸ்டாப்பர் இப்போது பிளஸ் டூ. இன்றைக்குச் சாயங்காலமும் மைதானத்துக்கு வருவான். நோட்டு அவனிடம்தான் இருக்கிறது, புதிதாகச் சேர்கிற பையன்களுக்குக் கட்டம் போட்டுத் தருவது அவன்தான். போன வாரம் எட்டாவதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தான். மேலே "சத்தம்" என்று எழுதியிருந்தது. என்னடா இது என்று கேட்டேன். "பின்னாடி நின்னு கூப்பிட்டுச் சொல்றது சார். எனக்கு அதுல 30 தான்" என்றான்.

வணக்கம்.