கொட்டகையைத் தூக்கி நிறுத்தியது யார்?

(தலைப்பு: ஆமிஷ் சமூகத்தைக் கட்டிக் காப்பது ஊர்க் கட்டுப்பாடா, ஊர் ஒத்தாசையா? ‘ஒத்தாசையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆமிஷ் என்றால், காரும் கரண்ட் கம்பியும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு பழைய முறையில் வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ‘கட்டுப்பாடே’ என்று அடித்துச் சொன்னார். “வீட்டுக்குள் கரண்ட் கம்பி வந்தால் ஆகாதாம், கொட்டகையில் மட்டும் டீசல் எஞ்சின் தடதடவென்று ஓடலாமாம்! இது என்ன பக்தி?” என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. ஆனால் அந்த எஞ்சின் எதற்காக ஓடுகிறது என்பதை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் வட்டாரம். 1960-களின் கடைசி. அதுவரை ஆமிஷ் விவசாயி பாலைக் கேனில் ஊற்றி, கேனைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். கம்பெனிகள் வந்து, “இனிமேல் கேன் வேண்டாம், பெரிய எவர்சில்வர் டேங்க் வையுங்கள், லாரி வந்து எடுத்துக்கொள்ளும்” என்றன. டேங்கில் பால் 4 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். சும்மா குளிர்ந்தால் போதாது, கலக்கியும் விட வேண்டும். கலக்காவிட்டால் டேங்கின் அடியில் பால் உறையும், கொழுப்பு மேலே மிதக்கும், சாம்பிள் எடுத்தால் கணக்குத் தப்பும். முடியாது என்று சொன்னால் பால் விற்காது, பண்ணை கைவிட்டுப் போகும். சபைத் தலைவர்களான பிஷப்புகள் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். குளிரூட்டியை டீசல் எஞ்சின் சுற்றட்டும். கலக்கும் துடுப்புக்கு 12 வோல்ட் பாட்டரி. ஞாயிற்றுக்கிழமை லாரி வரக் கூடாது. வெளிக்கம்பி ஒன்றுகூட உள்ளே வரவில்லை, பண்ணையும் பிழைத்தது!

பட்டறைகளிலும் அப்படித்தான். டீசல் எஞ்சின் கம்ப்ரஸரை ஓட்டும். டாங்கில் அடைத்த காற்று குழாய் வழியாக வரும். ரம்பத்திலும் டிரில்லிலும் இருக்கிற மின்மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்று மோட்டாரை மாட்டிவிடுவார்கள். லேசான வேலை இல்லைங்க. அமுக்கிய காற்றில் ஈரம் சேரும். டாங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் கருவி துருப்பிடிக்கும், பனிக்காலத்தில் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இத்தனை பாடு எதற்கு? ஒரு பொருள் வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் நமக்குத் தேவையில்லாமல் போய்விடுவானோ என்ற கவலை அவர்களுக்கு. 1910 வாக்கில் வீட்டுக்குள் டெலிபோன் வேண்டாம் என்றார்கள். பிறகு பாதையோரம் சின்னக் குடில் கட்டி, சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே போனை வைத்துக்கொண்டார்கள். டாக்டரைக் கூப்பிடலாம், அரட்டைக்கு ஆள் நேரில்தான் போக வேண்டும். அண்ணன் இதைக் கட்டுப்பாடு என்கிறார். அந்தக் கட்டுப்பாடே ஒத்தாசைக்குப் போட்ட வேலி என்கிறேன் நான்!

சரி, கொட்டகைக்கு வருவோம்.

காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகக் கொட்டகை மாடியில் அடுக்கி வைத்திருக்கிறார் ஒரு விவசாயி. ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டியிருந்தால் அது தானாகவே புழுங்க ஆரம்பிக்கும். கட்டுக்குள் வெப்பமானியைச் செருகினால் 65 டிகிரி காட்டும், அப்போதே ஆபத்து. 80-ஐத் தொட்டால் தீயணைப்புக்காரர்கள் வராமல் கட்டை அசைக்கக் கூடாது; காற்றுப் பட்ட நொடியில் பற்றிக்கொள்ளும். அடுக்கி வாரக்கணக்கில் ஆன பிறகு, எல்லோரும் மறந்திருக்கும்போது, ஒரு ராத்திரி கொட்டகை எரிந்து சாம்பல்.

அந்த வீட்டில் இன்சூரன்ஸ் கிடையாது. பெரும்பாலான ஆமிஷ் குடும்பங்கள் வாங்குவதில்லை. விடிந்ததும் யார் வருகிறார்கள்? ஊர் வருகிறது! முதல் நாளே கரியை அள்ளுகிறார்கள். அடுத்த சில நாளில் அஸ்திவாரம். தச்சர்கள் உத்திரங்களில் துளையும், அதில் செருகும் கழுந்தும் வெட்டி, எது எங்கே சேரும் என்று குறி போட்டு வைக்கிறார்கள். மரச் செலவுக்குச் சபைக் குடும்பங்கள் அவரவர் சொத்துக்குத் தக்கபடி பங்கு போடுகின்றன. கூலி? ஒரு காசு கிடையாது.

அப்புறம் அந்த நாள். பொழுது விடிய நூற்றுக்கணக்கான ஆண்கள், வைக்கோல் தொப்பியோடு. தரையில் படுக்க வைத்துக் கோத்த பெரிய சட்டம். மேஸ்திரி ஒரு குரல் கொடுக்கிறார். முதலில் கையால் தூக்குகிறார்கள். தோளுக்கு மேலே போனதும் நீளக் கழிகளால் தள்ளுகிறார்கள். ஒரு பக்கம் வேகமாகப் போனால் சட்டம் முறுகிக் கழுந்து ஒடியும். அடிக்கால் நழுவினால் கீழே நிற்பவர்கள் மேல் விழும். அதனால் அடியைக் கடப்பாரையால் அணை கொடுத்து நிறுத்துகிறார்கள். மறுபக்கம் கயிறு பிடித்திருப்பவர்கள் அது தாண்டிச் சாயாமல் காக்கிறார்கள்.

இன்னொரு தடவை சொல்லவா? இந்தத் தடவை மேலே இருந்து பாருங்கள். சட்டத்தின் உச்சியில் ஒரு இளைஞன் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கையில் ஓக் மர ஆணி. கழுந்தில் போட்ட ஓட்டையும் துளையில் போட்ட ஓட்டையும் வேண்டுமென்றே மயிரிழை விலகியிருக்கும். ஆணியை அடிக்க அடிக்க மூட்டு தானாக இழுத்து இறுகும். இரும்பு ஆணி இல்லாமலே நூறு வருஷம் நிற்கும் மூட்டு! கீழே பெண்கள் கோழிக்கறி, உருளைக்கிழங்கு மசியல், ‘பை’ என்ற இனிப்புப் பலகாரம் என்று பந்தி பந்தியாகப் பரிமாறுகிறார்கள். பிள்ளைகள் தண்ணீர் சுமக்கிறார்கள். மத்தியானத்துக்குள் எலும்புக்கூடு நிற்கிறது. பொழுது சாயக் கூரை ஏறிவிடுகிறது. அண்ணே, விதியை மீறினால் சபை விலக்கி வைத்துவிடும் என்ற பயத்தாலா அவன் அத்தனை உயரத்தில் ஏறினான்?

விலக்கி வைப்பது அவர்களிடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வயது வந்த பிறகு தானே கேட்டுத்தான் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். நூற்றுக்கு 85 பேருக்கு மேல் அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

நடுவர் அவர்களே, மணியடிக்குமுன் ஒன்றே ஒன்று. 2006 அக்டோபர் 2. லங்காஸ்டரில் நிக்கல் மைன்ஸ் என்ற இடம். ஒரே அறை கொண்ட ஆமிஷ் பள்ளிக்கூடம். துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பிள்ளைகள் செத்துப்போனார்கள். அவனும் தன்னையே சுட்டுக்கொண்டான். அவன் யார் தெரியுமா? அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் பால் எடுத்துக்கொண்டு போன லாரி டிரைவர்.

அன்றைக்கே ஆமிஷ் ஆட்கள் அவன் மனைவி வீட்டாரைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். பிள்ளையைப் புதைத்த கையோடு அவன் அடக்கத்துக்கும் போய் நின்றார்கள். உலகம் முழுக்க இருந்து வந்த பணத்தில் அவன் மனைவி மக்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். பழைய பள்ளிக்கூடத்தை இடித்து அந்த இடத்தைப் புல்வெளியாக்கிவிட்டு, அடுத்த ஏப்ரலில் புதுப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள்.

அண்ணே, தொப்பி இவ்வளவு அகலம், வண்டி இன்ன நிறம் என்று விதி விதியாக அடுக்கினீர்களே, பெற்ற மகளைப் பறிகொடுத்தவர் அந்த வீட்டு வாசலில் போய் நின்றது அதில் எத்தனையாவது விதி? அடுத்த சுற்றில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன். வணக்கம்.