தண்டோரா போடாத உதை

நேயர்களுக்கு வணக்கம். உதைப்பது எப்படி என்று பேச வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். படம் காட்ட வழியில்லாத இடத்தில் காலைப் பற்றி என்ன பேசுவது என்று முதலில் தயங்கினேன். யோசித்துப் பார்த்தால், நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி தோளைப் பற்றியது.

ஈரோட்டில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தருகிறேன். சண்டைப் பயிற்சி தொடங்கிய ஒரு மாதத்துக்குள் எல்லோரும் ஒரே புகாரோடு வந்து நிற்பார்கள்: "மாஸ்டர், முன்கால் உதை ஒன்றுகூடப் படமாட்டேன் என்கிறது." முன்கால் எதிராளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பின்காலைப் போல அது நெடுந்தூரம் கடந்து வர வேண்டியதில்லை. நியாயப்படி அதுதான் முதலில் பட வேண்டும். ஆனால் நாம் ஊரைக் கூட்டித் தண்டோரா போட்டுவிட்டல்லவா உதைக்கிறோம்! கண்ணில் ஒன்று பட்டு உடல் அசையத் தொடங்க மனிதருக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிறது. அந்த நேரத்தை நாமே எதிராளியின் மடியில் கட்டி அனுப்புகிறோம்.

முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே கேட்கலாம். இடதுகால் முன்னால், வலதுகால் பின்னால், நன்றாக அகட்டி வையுங்கள். இரண்டு கைகளும் முகவாய்க்கு முன்னால். இப்போது முன்காலைத் தூக்குங்கள். கால் எழும்புவதற்கு முன்பே தோள் பின்னால் சாய்ந்தது அல்லவா? பாரம் இருக்கிற காலைத் தூக்க முடியாது. பாரத்தைப் பின்காலுக்கு மாற்றத்தான் உடம்பு சாய்கிறது. எதிராளி பார்ப்பது அந்தச் சாய்வைத்தான்.

சரி, பின்காலை ஒரு சாண் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பாரத்தில் பெரும்பகுதி பின்காலில் இருக்கட்டும். முன்காலின் பாதத்துக்கு அடியில் ஒரு செய்தித்தாள் கிடந்தால் கிழியாமல் உருவ முடிய வேண்டும், அவ்வளவு லேசாக வையுங்கள். மறுபடி தூக்குங்கள். தோள் சும்மா இருக்கிறது. இந்த நிலையிலும் ஒரு சங்கடம் உண்டு. பாரம் முழுவதையும் பின்னால் கொண்டுபோய்விட்டால் குத்தில் வலு இருக்காது; எதிராளி நெருக்கினால் நகரவும் முடியாது. எவ்வளவு என்பதை அவரவர் உடம்பைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, சென்னிமலையில் போர்வை நெய்தவர். குழித்தறியில் இடுப்புக்குக் கீழே எல்லாம் குழிக்குள் இருக்கும். மேலே ஒரு கை கயிற்றை இழுக்கும், இன்னொரு கை இழையை அடித்து நெருக்கும். கீழே கால்கள் மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது எந்தக் காலை மிதிக்கிறார் என்று அவர் தோளைப் பார்த்தே கண்டுபிடிக்க முயல்வேன். ஒருநாளும் முடிந்ததில்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவர் கராத்தே என்ற சொல்லைக்கூடக் கேட்டவர் இல்லை. ஆனால் முன்கால் உதை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அசையாத தோள்தான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவில் பில் வாலஸ் என்று ஒரு கராத்தே வீரர். ஜூடோ பயிற்சியில் வலது முழங்கால் பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு இடதுகால் ஒன்றாலேயே உதைத்தார். 1974-ல் உலகப் பட்டம் வென்றார், 1980-ல் தோல்வியே காணாமல் விலகினார். எந்தக் கால் வரும் என்பது எதிரில் நின்ற ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரியும்! தெரிந்தும் வாங்கினார்கள். முழங்கால் மேலே வரும் வரை அவருடைய பக்கவாட்டு உதை, சுற்று உதை, கொக்கி உதை மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். வயிற்றுக்கா, காதுக்கா என்பது முழங்கால் உயர்ந்த பிறகுதான் பிரியும். அதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே என் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் முழங்கால் தூக்குவது மட்டும்தான் பாடம். பெற்றோர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு உதையே கற்றுத்தரவில்லையே என்று.

அடுத்த தொல்லை தூரம். எதிராளி எட்டாத இடத்தில் இருந்தால், பின்காலை முன்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும். பெரும்பாலோர் அதை ஒரு துள்ளலாகச் செய்கிறார்கள். தலை மேலே எழும்பிவிடும், தண்டோராக்காரன் வந்துவிட்டான். துள்ளக்கூடாது, பாதம் ஊர்ந்து வர வேண்டும். அதுவும் முன்கை, அதாவது முன்னால் நீட்டி நிற்கிற கை, குத்தப் போகிற அதே கணத்தில். எதிராளியின் கண் கையில் இருக்கும்போது கால் இடம் மாறிவிடும். சில தடவை குத்திவிட்டு, ஊர்ந்து வந்துவிட்டு, உதைக்காமல் சும்மா நிற்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர்தலே ஓர் அறிவிப்பாகிவிடும்.

கைகளையும் விட்டுவிடக்கூடாது. உதைக்கும்போது முன்கை தானாகத் தொடைப் பக்கம் இறங்கும். மடித்த துண்டு ஒன்றை முன்தோளில் போட்டுக்கொண்டு உதைக்கச் சொல்வேன். துண்டு விழுந்தால் அந்த உதை கணக்கில் இல்லை.

இதையெல்லாம் சரிபார்க்கக் கைப்பேசி போதும். தலையும் தோளும் மட்டும் தெரியும்படி முன்னாலிருந்து படம் பிடிக்கிறோம். காலே தெரியாத அந்தப் படத்தைப் பார்த்து, உதை எப்போது கிளம்புகிறது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் உதைத்தவருக்குத் தோல்வி.

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பெண் வருகிறாள், பதிமூன்று வயது. நிலை சரி, தோள் சரி, துண்டு விழவில்லை. ஆனாலும் சண்டையில் ஒன்றும் படவில்லை. எனக்கே காரணம் பிடிபடவில்லை. அவளை அழைத்துப் போக வந்த அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, திண்ணையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டு, "இப்போது உதைப்பாள், பாருங்கள்" என்றார். உதைத்தாள். மறுபடியும் சொன்னார். மறுபடியும் சரி. ஆறு தடவையில் ஆறும் சரி. எப்படி என்று கேட்டேன். "கீழுதட்டை மடித்துக் கடிக்கிறாளே, தெரியவில்லையா மாஸ்டர்? கைக்குழந்தையிலிருந்தே அம்மணிக்கு அந்தப் பழக்கம்தான்."

பல் காப்பு மாட்டிய பிறகும் அந்த உதடு மடிந்துகொண்டுதான் இருந்தது. கடைசியில், உதைக்கும்போது வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னேன். இரண்டு மாதம் ஆனது. போன வெள்ளிக்கிழமை புதுப் படத்தை அம்மாயியிடம் காட்டினோம். கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "என்ன கண்ணு, இன்னும் உதைக்கவே இல்லையே?" என்றார்.

"ஐந்து உதைத்துவிட்டேன் அம்மாயி."

வலதுகாலை முன்னால் வைத்தால் மட்டும் உதடு இன்னும் மடிகிறது. வருகிற வாரம் அதைப் பார்க்க வேண்டும். வணக்கம்.