மஞ்சள் ஏன் சிவக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடச் சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்புப் போட்டதும் கறை பளிச்சென்று சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அலசினால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். பிள்ளைகளோடு அடுக்களையில் அறிவியல் பேச எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் தடவிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து அதில் பெயரெழுதச் சொல்லுங்கள். எழுத்து சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாறு பட்டால் பழையபடி மஞ்சள். மஞ்சளில் குர்குமின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரான குணம்) பட்டால் அது சிவக்கும். புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலக்கிறோமே, அதுவும் இதேதான். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. சோப்பே போதும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "என்ன நிறம் வரும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி அந்தத் தாளைத் துண்டுதுண்டாகக் கத்தரித்துக்கொண்டு வீட்டையே சுற்றி வந்தாள். மோர், புளிக்கரைசல், எதிலும் மாற்றமில்லை. துணிசோப்பில் சிவந்தது, ஷாம்புவில் சிவக்கவில்லை. அவளுடைய ஆச்சி வெந்நீர் அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டுக் கொடுத்தார். தாள் சிவந்தது! "ஆச்சி, இது சோப்பு மாதிரியே இருக்கு!" "பின்னே? அந்தக் காலத்துல சாம்பல் போட்டுத்தானேடி பாத்திரம் விளக்குனோம்" என்றார் ஆச்சி. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அதுவும் காரம்தான், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு இப்படிப் பதிந்திருக்காது. அவளே தொட்டுப் பார்த்தாள், அவளே கேட்டாள். திரும்பவும் சொல்கிறேன், விடையை முந்திச் சொல்லாதீர்கள்.

அடுத்து இட்லி மாவு. அரைத்த மாவை இரண்டு பாட்டில்களில் பாதியளவு ஊற்றி, வாயில் பலூன் மாட்டுங்கள். மூடி போட்டு இறுக்க வேண்டாம். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று வெளியே. நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு மாவைப் பொங்கவைத்து, வெளியே இருக்கும் பலூனையும் நிமிர்த்தும். குளிரில் அவற்றின் வேலை மந்தம்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். முட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள், தண்ணீரின் அடர்த்தி கூடி முட்டை மேலே வரும். எத்தனையாவது கரண்டியில் என்று பிள்ளையை முதலில் சொல்லச் சொல்லுங்கள். வணக்கம்.