முடியும் எண்ணெயும்

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பெப்பின் என்ற அரசரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், "சார்லமேனைப் பற்றியே பேசலாமே" என்றார் நண்பர் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பெப்பினின் அப்பா சார்லஸ் மார்டெல், 732இல் பொய்த்தியே அருகே அரபுப் படையைத் தோற்கடித்தவர். மகன் சார்லமேன், 800இல் ரோமில் பேரரசராக முடிசூடியவர். நடுவில் மாட்டிக்கொண்டவர் இவர். போதாக்குறைக்குச் சரித்திரத்தில் நின்றுபோன பெயர் 'குட்டைப் பெப்பின்'. ஆனால் மூன்று பேரில் துணிச்சலான காரியம் செய்தவர் இந்த நடுவாள்தான் என்பது என் கட்சி.

அந்தக் காரியம் புரிய வேண்டுமானால் முடியிலிருந்து தொடங்க வேண்டும். நமக்கு முடி என்றால் தலைமயிரும்தான், மகுடமும்தான். அந்தப் பகுதியை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான ஃபிராங்குகளின் பழைய அரச குடும்பம் மெரோவிஞ்சியர்கள். அவர்களுக்கு இரண்டும் நிஜமாகவே ஒன்று. அரச ரத்தம் உள்ளவன் முடி வளர்த்திருக்க வேண்டும். வெட்டினால் அரசுரிமை போயிற்று.

ஆறாம் நூற்றாண்டில் நடந்த ஒரு சம்பவத்தைத் தூர் நகரத்துப் பிஷப் கிரிகோரி எழுதி வைத்திருக்கிறார். மெரோவிஞ்சிய அரசர் க்ளோவிஸின் விதவை க்ளோட்டில்டா, தகப்பனை இழந்த மூன்று பேரப்பிள்ளைகளை வளர்த்து வந்தார். பிள்ளைகளின் சித்தப்பாமார் இருவர், நாட்டின் மேல் ஆசை வைத்து, பையன்களைத் தந்திரமாக வரவழைத்துக்கொண்டார்கள். பிறகு பாட்டியிடம் ஒரு கத்தரிக்கோலும் உருவிய வாளும் வந்து சேர்ந்தன. முடி போக வேண்டுமா, உயிர் போக வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்! அரசுரிமை இல்லையென்றால் முடியிழந்து வாழ்வதைவிட அவர்கள் சாவதே மேல் என்று அந்த அம்மாள் ஆத்திரத்தில் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிட்டார்கள். தப்பித்த மூன்றாமவன் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிஸை ஒட்டியுள்ள சேன் க்ளூ என்ற ஊர் அவன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

இருநூறு வருடம் கழித்துப் பார்த்தால், முடி அப்படியே இருக்கிறது, அதிகாரம்தான் இல்லை. வரி, படை, நிலம் எல்லாம் 'அரண்மனை மேயர்' என்ற தலைமை அதிகாரியின் கையில். நம் மாநகராட்சி மேயருக்கும் அதே லத்தீன் வேர்தான். அரசர் நீண்ட முடியும் தாடியுமாகச் சிம்மாசனத்தில் உட்காருவார், தூதர்கள் வந்தால் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்லுவார், எங்கே போனாலும் மாட்டுவண்டியில் போவார் என்று எய்ன்ஹார்ட் எழுதுகிறார். அவர் சார்லமேனின் அரசவைக்காரர். பழைய வம்சத்தைப் பற்றிக் கொஞ்சம் காரம் தூக்கலாகத்தான் எழுதியிருப்பார்.

பெப்பினின் குடும்பம் இந்த மேயர் குடும்பம். 741இல் அப்பா இறந்ததும் பெப்பினும் அண்ணன் கார்லோமனும் ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 743இல் மூன்றாம் சில்டெரிக் என்ற மெரோவிஞ்சியரைத் தேடிப்பிடித்துச் சிம்மாசனத்தில் வைத்தார்கள். 747இல் அண்ணன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்குப் போய்விட்டார். மீதி இருப்பது பெப்பினும் ஒரு பொம்மை அரசரும்தான்.

சில்டெரிக்கை ஒரே நாளில் தூக்கி எறிந்திருக்கலாம். தடுக்க ஆள் கிடையாது. ஆனால் அரச ரத்தம் இல்லாதவனை அரசன் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் வியூர்ஸ்பர்க் பிஷப் புர்கார்டையும் ஃபுல்ராட் என்ற பாதிரியாரையும் ரோமுக்கு அனுப்பிப் போப் சக்கரியாவிடம் ஒரு கேள்வி கேட்டார். அதிகாரம் இல்லாமலே அரசர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்களே, இது சரியா? அதிகாரம் உள்ளவனை அரசன் என்று அழைப்பதே நல்லது என்று பதில் வந்தது. பதில் தெரிந்தே கேட்ட கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

751இல் சுவாசோனில் பெப்பின் அரசரானார். சில்டெரிக்கின் தலையை மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். முடி போயிற்று, முடியும் போயிற்று. புதியவரிடம் அந்த முடி இல்லையே, அதற்கு ஈடாக என்ன? எண்ணெய். பைபிளில் சாமுவேல் தீர்க்கதரிசி அரசர்களான சவுலையும் தாவீதையும் அபிஷேகம் பண்ணியதுபோல, ஆயர்கள் பெப்பினுக்குத் திருத்தைலம் பூசினார்கள். ஐரோப்பாவிலேயே முதல் தடவை என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. ஸ்பெயினில் விசிகோத் அரசர் வாம்பாவுக்கு 672இலேயே இது நடந்திருக்கிறது. ஃபிராங்குகளுக்குத்தான் புதிது.

எண்ணெய் சும்மா வரவில்லை. அதே 751இல், வட இத்தாலியில் இருந்த லொம்பார்டுகளின் அரசர் ஐஸ்டுல்ஃப், பைசாந்தியப் பேரரசின் கையிலிருந்த ராவென்னா நகரைப் பிடித்துவிட்டார், அடுத்த குறி ரோம். அந்தப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து படை வரவில்லை. புதிய போப் இரண்டாம் ஸ்டீபன் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, 754 ஜனவரி 6ஆம் தேதி பொந்தியோனில் பெப்பினைச் சந்தித்தார். அதே ஆண்டு ஜூலையில் சேன் டெனி தேவாலயத்தில் போப்பே பெப்பினுக்கும் இரண்டு மகன்களுக்கும் தைலம் பூசினார். மகன்களில் ஒருவர்தான் பின்னாளைய சார்லமேன்.

பெப்பின் இரண்டு முறை இத்தாலிக்குப் படையெடுத்தார். 756இல் ராவென்னா பகுதி நகரங்களின் சாவிகளை ஃபுல்ராட் கொண்டுபோய்ப் ரோமில் புனித பேதுருவின் கல்லறையில் வைத்தார், அதாவது ஊர்கள் போப்புக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்கள் முன்பு பைசாந்தியப் பேரரசருடையவை. அவருடைய தூதர் வந்து திருப்பிக் கேட்டபோது, பேதுருவின் மேல் உள்ள அன்புக்காகத்தான் போரிட்டேன், தர முடியாது என்றார் பெப்பின். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அப்படித் தொடங்கிய போப் நாடு 1870 வரை ஓடியது.

நாணயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பவுண்டு எடை வெள்ளியில் 22 சாலிடஸுக்கு மேல் அடிக்கக் கூடாது, அதில் ஒன்று அடிப்பவருக்குக் கூலி என்று பெப்பின் சட்டம் போட்டார். ஒரு சாலிடஸ் என்பது 12 டெனேரியஸ் என்ற வெள்ளிக் காசுகள். மகன் அதைப் பவுண்டுக்கு 240 டெனேரியஸ், அதாவது 20 சாலிடஸ் ஆக்கினார். பிரிட்டனில் 1971 வரை புழங்கிய பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கு இதுதான்.

பெப்பின் சிங்கத்தையும் காளையையும் ஒரே வெட்டில் சாய்த்தார், "குட்டித் தாவீது கோலியாத்தை என்ன செய்தான் என்று கேட்டதில்லையா?" என்று கேலி செய்தவர்களைக் கேட்டார் என்றெல்லாம் நோட்கர் என்ற துறவி நூறு வருடம் கழித்து எழுதினார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

768 செப்டம்பரில் இறந்தார். சேன் டெனியில் அடக்கம். தந்தை சார்லஸ் மார்டெலின் பாவங்களுக்குப் பரிகாரமாக, கோயில் வாசலுக்கு வெளியே, குப்புறப் படுத்த நிலையில் தன்னைப் புதைக்கச் சொன்னார் என்று அந்த மடத்தின் தலைவர் சூஜே பன்னிரண்டாம் நூற்றாண்டில் குறித்திருக்கிறார். வாசலில் கிடந்த அந்தக் கல்லறை, கோயிலைப் பெரிதாக்கியபோது உள்ளே வந்துவிட்டது.