நாலா, பத்தா? சிங்பிங் சந்தையில் ஒரு எட்டு யுவான் கதை

எட்டு யுவான், மக்களே! யுவான் என்றால் சீனப் பணம். மலை, ஆறு எல்லாம் அப்புறம். முதலில் இந்த எட்டு யுவான் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சீன மொழி படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீனாவுக்கு வந்திருக்கிறேன். போன வீடியோவில் ரயிலில் வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தாளே, ஒன்பதாம் வகுப்புப் பெண், அவள்தான் இன்று கதாநாயகி. தெற்குச் சீனாவில் குய்லின் நகரத்துக்குக் கீழே, லீ ஆற்றங்கரையில் சிங்பிங் என்று ஓர் ஊர். அங்கே சந்தையில் ஒரு பாட்டி கூடை நிறைய ஜின்ஜூ வைத்திருந்தார். எலுமிச்சையைவிடச் சின்ன ஆரஞ்சு. தோலோடு அப்படியே வாயில் போட வேண்டும். தோல்தான் இனிப்பு, உள்ளே புளிப்பு. இனிமேல் எனக்குக் கமலா ஆரஞ்சே வேண்டாம்.

ஒரு ஜின் என்ன விலை என்று கேட்டாள். ஜின் என்றால் அரைக் கிலோ. பாட்டி சொன்னது இவள் காதில் பத்து என்று விழுந்தது. இரண்டு ஜின் வாங்கிக்கொண்டு 20 யுவான் தாளை நீட்டினாள். பாட்டி 12 யுவானைத் திருப்பிக் கொடுத்தார்!

இதில் அவள் தப்பு எதுவும் இல்லை, அதுதான் விஷயம். மாண்டரினில், அதாவது பள்ளியில் படிக்கிற பொதுச் சீன மொழியில், நாலு 'ஸு', பத்து 'ஷு'. அந்த உகரம் 'காசு' என்னும்போது கடைசியில் வருகிற மாதிரி குறுகலானது. பாடப்புத்தகப்படி நாலு என்னும்போது குரலைக் கீழே இறக்க வேண்டும், பத்து என்னும்போது மேலே ஏற்ற வேண்டும், 'அப்படியா?' என்று கேட்கிற மாதிரி. ஆனால் குய்லின் பக்கத்து ஊர்ப் பேச்சில் இது அப்படியே தலைகீழ்! நாலு ஏறும், பத்து இறங்கும். போதாததற்கு, ஷ-வையும் ஸ ஆக்கிவிடுவார்கள், நம்மில் பலர் ழ-வை ள ஆக்குகிற மாதிரி. ஆக, பாட்டியின் நாலு மேலே ஏறியது, இவள் பத்து என்று எடுத்துக்கொண்டாள். படித்ததைச் சரியாகக் காதில் வாங்கியதால்தான் அப்படி எடுத்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது!

பாட்டி நாலு விரலைக் காட்டினார். அப்புறம் இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்கே வைத்து ஒரு கூட்டல் குறி போட்டார். அதுதான் பத்து, சீனத்தில் பத்துக்கு எழுத்தே அந்த வடிவம்தான். இவள் உடனே நோட்டில் வரைந்துகொண்டாள்.

சந்தைக்குள் மொழிபெயர்ப்பு ஆப் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். போனில் கேட்டிருந்தால் திரையில் ஏதோ ஒரு எண் வந்திருக்கும், பழத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்திருப்பாள்.

ஐயோ, அந்த 20 யுவான் தாளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அதன் பின்பக்கம் இருக்கும் படம் இந்த சிங்பிங் மலைகளும் ஆறும்தான்! பிள்ளைகள் தாளைக் கையில் நீட்டிப் பிடித்து, மலையோடு மலை பொருத்திப் பார்த்தார்கள். அதே பக்கத்தில் மங்கோலியம், திபெத்தியம், உய்குர், ஜுவாங் மொழிகளிலும் எழுதியிருக்கிறது. இந்த ஊர் இருக்கும் குவாங்ஷி, ஜுவாங் என்ற இன மக்களின் தன்னாட்சிப் பகுதி. அவர்கள் மொழியை லத்தீன் எழுத்தில் எழுதும்போது சொல்லின் கடைசியில் இசட், ஜே, எக்ஸ் என்று வந்தால் அது ஒலியே இல்லை, ஏற்ற இறக்கத்துக்கான குறி. அதாவது, ராகத்துக்கே ஒரு எழுத்து!

படகுச் சவாரி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மூங்கில் தெப்பம் என்றுதான் டிக்கெட் வாங்கினோம்; குனிந்து பார்த்தால் பிவிசி குழாய், பின்னால் மோட்டார். அந்தச் சத்தத்தில் படகோட்டியிடம் ஒரு சொல்கூடப் பேச முடியவில்லை. பேசத்தானே வந்தோம்?

சரி, சாயங்காலத்துக்கு வருகிறேன். அரிசி நூடுல்ஸ் கடை. அதே பெண் விலை கேட்டாள், கடைக்கார அக்கா பத்து என்றார், ஊர்ப் பேச்சில் கீழே இறக்கி. இவளும் அதே மாதிரி இறக்கிச் சொல்லி, இரண்டு விரலைக் குறுக்கே வைத்துக் காட்டினாள். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக, இவள் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி வறுத்த வேர்க்கடலையைப் போட்டார்.